நேர்முகத்துக்குத் தலைவரும் வந்தார்

பசறையிலிருந்து மேலே ஏறும் பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாக நிற்கும் இடத்தில் எங்கள் பாடசாலை இருக்கிறது. அங்கே நான் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் படுக்கை விரிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். மேசை வைக்கவும், தட்டு ஏந்தவும், வருகிறவர் முகத்தைப் பார்த்துப் பேசவும் கற்றுக்கொடுக்கிறேன். உயர்தர வகுப்பில் தொழிற்பாடங்கள் வந்த பிறகு விருந்தோம்பல் பாடம் என் தலையில் விழுந்தது. முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஏற்றேன். இப்போது யாராவது அதைப் பிடுங்க வந்தால் சண்டைக்குப் போவேன்.

"பட்டம் வாங்கிட்டுப் படுக்கை விரிக்கவா போன?" என்று என் சித்தி ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்துகொண்டே கேட்டார்.

"ஆமா சித்தி. மெத்தை ஓரம் மடிக்கிறதுல இந்த ஊவா மாகாணத்துலயே என்னை அடிச்சுக்க ஆள் இல்ல" என்றேன். சித்தி இலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாயசம் வந்துவிட்டது.

எங்கள் பாடசாலையில் கட்டில் கிடையாது. மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு, நோயாளிப் பிள்ளைகளைப் படுக்கவைக்கும் மெத்தையை அதிபரிடம் கெஞ்சி வாங்கி, அதன்மேல் என் வீட்டு விரிப்பைப் போட்டுப் பாடம் நடத்துவேன். பிள்ளைகள் கையில் எடுத்த வேலையைப் பார்க்க ஆசையாக இருக்கும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பமே படுத்து, எழுந்து, பாயைச் சுருட்டி, பானை வைத்து, படிக்கவும் செய்கிற வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். ஒரு பொருளை எங்கே வைத்தால் இடம் மிச்சமாகும் என்று அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் குறையே இல்லை. தொல்லையெல்லாம் வாயில்தான் இருந்தது.

நேர்முகப் பரீட்சைக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய முதல் நாள் ஒரு பையனை எழுப்பி, "உன்னைப் பற்றிச் சொல்லு" என்றேன். அவன் பக்கத்திலிருந்தவனைத் திரும்பிப் பார்த்தான். பக்கத்திலிருந்தவன் எழுந்தான்.

"டீச்சர், இவன் நல்லா கிரிக்கட் வெளையாடுவான். வீட்டுலயும் எல்லா வேலையும் செய்வான். கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான்."

"உன்னையா கேட்டேன்?"

"இல்ல டீச்சர்."

"அப்ப உன்னைப் பற்றி நீ சொல்லு."

அவன் வாயை மூடிக்கொண்டான். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் பிள்ளை எழுந்து அவனுக்காகப் பேச ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். கரும்பலகைத் துடைப்பானால் மேசையில் ஓங்கி அடித்தேன். சுண்ணாம்புத் தூள் என் முகத்திலேயே பறந்தது. வகுப்பு சிரிப்பை அடக்கிக்கொண்டு கண் கலங்கி உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து தலையைக் கழுவும்போதுதான் யோசித்தேன். அவர்கள் குறும்பு செய்யவில்லை. தோட்டத்தில் யாரும் ஆபீசுக்குத் தனியாகப் போவதில்லை. கூரைத் தகரம் ஒழுகினாலும், செய்த வேலைக்குப் பேர் போடவில்லை என்றாலும், மகளுக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றாலும், தொழிற்சங்கத் தலைவர் முன்னால் போவார். சம்பந்தப்பட்ட ஆள் அவருக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தலைவர் பேசுவார். தோட்டத்தை நடத்தும் துரை பின்னால் நிற்பவரை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலைவருக்குப் பதில் சொல்வார். நானும் ஹாலிஎலப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவள்தான். ஆசிரிய கலாசாலை நேர்முகத்துக்கு என்னோடு யார் வருவது என்று எங்கள் வீட்டில் பெரிய பேச்சே நடந்தது. அந்த வழக்கத்தில் நியாயமும் இருக்கிறது. தனியாகப் போய்ப் பேசுகிறவரைத்தான் நாளைக்குக் கண் வைத்துப் பழி வாங்குவார்கள். ஆனால் ஹோட்டல்காரனுக்கு இதெல்லாம் தெரியுமா? தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத் தெரியாத பிள்ளை என்று ஒதுக்கிவிடுவான்.

வகுப்பில் மற்றவர்களுக்காகப் பேசுவதில் ஒருத்தி கெட்டிக்காரி. முன் வரிசை, நீளப் பின்னல். யார் பிந்தி வந்தாலும் காரணம் அவளிடம் இருக்கும். யார் விரிப்பில் கறை பட்டாலும் மன்னிப்பு அவள் வாயிலிருந்து வரும். இங்கிலீஷும் ஓரளவு பேசுவாள். அவர்களுடைய தோட்டத்து வழியாக வெளிநாட்டுக்காரர்கள் மலை பார்க்க நடந்து போவார்கள். சனிக்கிழமைகளில் மலையில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோகும்போது அவர்களிடம் பேசிப் பேசி வந்த இங்கிலீஷ் அது.

"அம்மாவைப் படம் எடுப்பாங்க டீச்சர். ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. நான்தான் போயி எந்த ஊருன்னு கேப்பேன்" என்றாள்.

அப்படிப்பட்டவளை எழுப்பி, "உன்னைப் பற்றிச் சொல்லு" என்றால் தரையைப் பார்ப்பாள். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று திட்டிப் பார்த்தேன். போனில் பதிவு செய்து அவளுக்கே போட்டுக் காட்டினேன். எனக்குச் சுத்தமாகத் தெரியாத இங்கிலீஷ் உச்சரிப்பில் வெள்ளைக்கார முதலாளியாக நடித்தும் காட்டினேன். வகுப்பு உருண்டு சிரித்தது, அவளும் சிரித்தாள். மறுபடி கேட்டால் மறுபடி தரை.

"சொல்றதுக்கு என்ன டீச்சர் இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை.

போன வருடம் எல்ல என்ற சுற்றுலா ஊரின் பக்கத்து ஹோட்டல் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. நேர்முகத்தில் தேறுகிற பிள்ளைகளுக்கு ஆறு மாதப் பயிற்சி. அங்கேயே தங்க வேண்டும். பயிற்சி முடிந்தால் வேலைக்கும் வாய்ப்பு உண்டு. அவளுக்கு அந்த இடம் வேண்டும் என்ற ஆசை கண்ணில் தெரிந்தது. சமையலறையோ சாப்பாட்டுக் கூடமோ வேண்டாம், வாசல் மேசையில் நிற்க வேண்டும் என்றாள். வருகிறவர்களை முதலில் பார்ப்பது அங்கே நிற்பவர்தானாம்.

ஆனால் அவள் வீட்டில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா மகள் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறாள். தீபாவளிக்கு வருகிறவள், திரும்பும்போது இவளையும் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. ஹோட்டல் என்றாலே அம்மாவுக்கு ஆகாது. பேசிப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். அம்மா பிளேன்டீயும் ரொட்டியும் வைத்தார். நான் சொன்னதையெல்லாம் மரியாதையாகக் கேட்டார்.

"எனக்கு என்ன டீச்சர் தெரியும்? அண்ணன் என்ன சொல்றாரோ அதுதான்" என்று முடித்துவிட்டார்.

அண்ணன் என்பது அவளுடைய தாய்மாமன். அந்தத் தோட்டத்துத் தலைவரும் அவர்தான். பக்கத்து லயத்திலிருந்து அவரும் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் பேனா, பேச்சில் ஒரு நிதானம். பத்துப் பேர் ஒன்றாகக் கத்தினாலும் கடைசியில் அவர் சொல்வதைத்தான் கேட்பார்கள் என்று பார்த்த உடனே தெரிந்தது.

"பொம்பளப் புள்ளைய ஹோட்டலுக்கு அனுப்புறதுன்னா சும்மாவா டீச்சர்? நேர்முகத்துக்கு நானும் வாரேன். எடத்தைப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

"அதுக்குப் பிள்ளைங்க தனியாத்தான் வரணுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "ஆபீசுக்குப் புள்ளைய தனியா அனுப்புவாங்களா?"

அவள் சுவரோரம் நின்று பின்னலைத் திருகிக்கொண்டிருந்தாள். நேர்முகம் நடப்பது வேலைநாளில், மலை வேலையை விட்டுவிட்டு வரமாட்டார் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வந்தார். விடியக் காலையில் பசறை பஸ் நிலையத்தில் எனக்கு முன்னால் நின்றார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட காற்சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. பிள்ளைகளைவிட அவர்தான் நேர்முகத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். பதுளையில் பஸ் மாறினோம். வழி முழுக்க நான் அவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தேன். வெளியே இருந்தால் போதும், உள்ளே வர வேண்டாம் என்று. எல்லாவற்றுக்கும் "ஆமாங்க டீச்சர்" என்றார். தோட்டத்து ஆமாங்கவுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கேட்டுக்கொண்டேன் என்று மட்டும்தான்.

ஹோட்டல் மலை விளிம்பில் இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. நேர்முகம் நடத்தியவர் ஒரு சிங்கள அம்மையார், அந்த ஹோட்டலின் மனேஜர். கறுப்புக் கோட்டு, கழுத்தில் சங்கிலி கோத்த மூக்குக் கண்ணாடி. பேச்சு முழுக்க இங்கிலீஷில் நடக்கும் என்றார். பிள்ளைகள் பயப்படாமல் இருக்க ஆசிரியை மூலையில் உட்காரலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொன்னார். என்னிடம் போய் இதைச் சொல்கிறாரே என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதலில் போன பையன்கள் சுமாராகச் சமாளித்தார்கள். அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தது. முதலில் தலைவர் வந்தார். அவருக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு அவள்.

தலைவர் சிங்களத்தில் காலை வணக்கம் சொல்லி, இந்தப் பிள்ளையின் மாமன், தோட்டத்துத் தலைவர் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு, பிள்ளைக்காகப் பேச வந்திருப்பதாகச் சொன்னார். மனேஜர் அம்மையார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை உட்காரச் சொன்னார். வெளியே போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் வேறு மாதிரி ஆள். சிங்களம் வேண்டாம், உங்கள் பாஷையிலேயே பேசுங்கள் என்று தலைவரிடம் சொன்னார். பிறகு அவளிடம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார்.

"மாமா சொல்வதை எல்லாம் நீ எனக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது."

தலைவர் தொண்டையைச் செருமினார். "எங்க புள்ள மாதிரி ஒரு புள்ள இந்தப் பக்கத்துலயே கெடையாதுங்க."

அவள் தரையைப் பார்த்தாள். இந்தப் பெண்ணைப் போல ஒரு பெண் இந்தப் பக்கத்தில் இல்லை என்று சொல்கிறார் என்றாள்.

"எந்தப் பெண்?" என்றார் அம்மையார்.

"நான்தான், மேடம்." காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"அவளுக்குத் தெரியாத வேலையே இல்லைங்க" என்றார் தலைவர்.

"எனக்குத் தெரியாத வேலையே இல்லை என்கிறார்" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "அது சரியில்லை, மேடம். படுக்கை விரிப்பேன், மேசை வைப்பேன். காப்பி மெஷினைத் தொட்டதே இல்லை. கம்ப்யூட்டரில் விருந்தாளி பேரைப் பதியவும் தெரியாது. காட்டித்தந்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்வேன்."

தலைவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "நான் சொன்னது ஒரு வரி. நீ என்னா இம்புட்டு நீட்டுற?"

"இப்போது என்ன சொன்னார்?" என்றார் அம்மையார். அவளுக்கு வேறு வழியில்லை. தான் சொன்னதைவிட நீ ஏன் கூடப் பேசுகிறாய் என்று கேட்கிறார் என்றாள். அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். தலைவரும், தன் பேச்சு எடுபடுகிறது என்று நினைத்துக் கூடவே சிரித்தார். நான் மூலையில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

"புள்ளைக்குக் கோவமே வராதுங்க. பசு மாதிரி."

"நான் பசு மாதிரி, கோபமே வராது என்கிறார். எனக்குக் கோபம் வரும், மேடம். வந்தவர்கள் முன்னால் காட்ட மாட்டேன்."

கட்டியிருந்த கை எப்போது அவிழ்ந்தது என்று நான் கவனிக்கவில்லை. இப்போது அவள் தலைவருக்குப் பின்னால் இல்லை, பக்கத்தில் நின்றாள்.

தலைவர் உற்சாகமாகி ஒரு கதைக்குள் நுழைந்தார். "ஒரு மழ நாளு, வெள்ளக்கார அம்மா ஒருத்தவங்க மலையில வழுக்கி விழுந்து காலு பெரண்டு போச்சுங்க..."

"மாமா, அவங்க ஜப்பான்காரங்க" என்று திருத்திவிட்டு அவள் இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினாள். முதலில் "என்கிறார்" என்று ஒவ்வொரு வரிக்கும் முடித்தாள். அந்த அம்மாவைக் கொழுந்துச் சாக்கின்மேல் உட்காரவைத்ததை அப்படித்தான் சொன்னாள். வீட்டுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்ததையும் அப்படியே. அதற்குப் பிறகு "என்கிறார்" வரவில்லை. தலைவர் அடுத்த வரியைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே போய்விட்டாள்.

"தேத்தண்ணீர் வேண்டாம், சுடுதண்ணீர்தான் வேண்டும் என்றார்கள். கொதிக்கவைத்துக் கொடுத்தேன். அவர்கள் அழுதார்கள். வலிக்கு இல்லை, பயத்துக்கு. அதனால் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வீட்டைப் பற்றிக் கேட்டேன். வீட்டில் ஒரு பூனை இருக்கிறதாம். பூனையைப் பற்றிப் பேசியதும் அழுகை நின்றது. பிறகு அவர்கள் தங்கிய இடத்துக்கு போன் எடுத்து, எந்த வழியால் வண்டி வர வேண்டும் என்று சொன்னேன்."

இங்கிலீஷ் அங்கங்கே நொண்டியது. யாருக்கு அது கவலை? இதையெல்லாம் வைத்துக்கொண்டு, சொல்றதுக்கு என்ன இருக்கு என்று என்னிடம் கேட்டாளே! எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. இரண்டையும் மூலையிலேயே வைத்துக்கொண்டேன்.

அம்மையார் மூக்குக் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். சிரிப்பு போய் முகம் வேலை விஷயத்துக்கு வந்தது.

"இப்போது மாமாவிடம் நான் கேட்பதைச் சொல். ஆறு மாதம் இங்கேதான் தங்க வேண்டும். சில நாள் இரவு பத்து மணி வரைக்கும் வேலை இருக்கும். பண்டிகைக்கு வீட்டுக்குப் போக முடியாமலும் போகலாம். வீட்டில் சம்மதமா?"

அவள் பின்னலை ஒருமுறை திருகினாள். அப்படியே சொன்னால் மாமா எழுந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். தீபாவளி முடிந்தால் கொழும்பு. கொஞ்சம் குறைத்துச் சொன்னால் இப்போதைக்குத் தப்பலாம். அங்கே என்ன நடக்கிறது என்று இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் அந்த அறையில் அவளும் நானும்தான். நானாக இருந்தால் பத்து மணியை விழுங்கியிருப்பேன்.

"ராத்திரி பத்து மணி வரைக்கும்கூட வேலை இருக்குமாம் மாமா. இங்கதான் தங்கணுமாம். பொங்கலுக்குக்கூட வர முடியாமப் போகலாமாம். வீட்டுல சம்மதமான்னு கேக்குறாங்க."

எதையும் விடவில்லை. தலைவர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பேசக் கூடாது என்பதால் நான் முகத்தை எவ்வளவு கெஞ்சவைக்க முடியுமோ அவ்வளவு கெஞ்சவைத்தேன்.

"தங்குற எடத்தைப் பாக்கலாமான்னு கேளு" என்றார்.

காட்டினார்கள். பெண் பிள்ளைகள் தங்கும் அறைகள் ஹோட்டலுக்குப் பின்னால் தனியாக இருந்தன. தலைவர் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார். ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார். இரவில் வேலை முடிந்தால் யார் கூட்டிவருவார்கள், உடம்புக்கு முடியாவிட்டால் யாரிடம் சொல்வது, மேற்பார்க்கும் அம்மாவுக்குத் தமிழ் தெரியுமா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். அவள் அத்தனையையும் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொன்னாள். உண்மையைச் சொன்னால், ஆசிரியை நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை. எனக்கு அவற்றில் பாதி தோன்றவே இல்லை.

திரும்ப வந்து உட்கார்ந்ததும் தலைவர் பெருமூச்சு விட்டார்.

"எடம் நல்ல எடம். இதுக்கு மேல நான் என்னா சொல்ல? இருக்கப்போறது அவ. அவகிட்டயே கேக்கச் சொல்லு."

அவள் அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. அம்மையாரை நேராகப் பார்த்து, "நான் தங்குகிறேன், மேடம். எனக்கு இந்த இடம் வேண்டும்" என்றாள்.

தீபாவளி முடிந்த திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஆரம்பித்து, பிறகு வாசல் மேசையில் போட்டுப் பார்ப்பதாக அம்மையார் சொன்னார். வெளியே வந்ததும் நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். பிறகு, அந்த ஜப்பான்கார அம்மாவைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை என்று அங்கேயே நின்று ஒரு பாட்டம் திட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் தலைவர் அவள் அம்மாவுக்கு போன் எடுத்தார். ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும் குரல்.

"பேசியாச்சு தங்கச்சி. பெரிய மேடம்தான், ஆனா நான் விடல. சொல்ல வேண்டியதை எல்லாம் வெவரமாச் சொன்னேன். அப்பிடியே ஏத்துக்கிட்டாங்க. எடம் வாங்கிட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவரிடம் இரண்டு வார்த்தை கேட்கலாம் என்று அடி எடுத்து வைத்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க டீச்சர்" என்றாள் மெதுவாக. "அங்க நான் பேசிட்டேன். வீட்டுல மாமா பேசினாத்தான் அம்மா அனுப்புவாங்க."

தலைவர் போனை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"ஆமாம்மா" என்றாள். "மாமாதான் பேசினாரு."